அளவறியா மாத்திரை: இரசாயன லாகிரிப் பொருள்களால் உடலுக்கு விளையும் கேடுகள்

தமிழில் 'மாத்திரை' என்னும் சொல்லுக்கு அளவு என்பதே மூலப்பொருள். குறில் ஒரு மாத்திரை ஒலிக்கும், நெடில் இரண்டு மாத்திரை ஒலிக்கும் என்று இலக்கண வகுப்பில் நாம் யாவரும் படித்திருக்கிறோம். வைத்தியர் நிறுத்தும் அளந்தும் உருட்டிக் கொடுக்கும் மருந்துக்கும் மாத்திரை என்றே பெயர். ஆகவே மாத்திரை என்பது, இவ்வளவு மருந்து இதனுள் இருக்கிறது, இதற்கு மேல் இல்லை என்று ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்ட பண்டமாகும்.

இரவு நேரக் களியாட்டக் கூட்டங்களில் இன்று கைமாறும் மாத்திரைகளுக்கும் படிகங்களுக்கும் அப்படிப் பொறுப்பேற்பவர் எவரும் இல்லை. அவற்றை ஆக்கியவர் யார், உள்ளே இருப்பது எது, எடை எவ்வளவு என்பவற்றை விற்பவரும் அறியார், விழுங்குபவரும் அறியார். இவ்வகைப் பொருள்கள் மிகுந்த அளவில் உடலுக்குள் செல்லும்போது நேர்வது யாது, 'கொஞ்சம் கூடினால் கொஞ்சம்தானே கூடும்' என்ற எண்ணம் ஏன் தவறு என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் வாயிலில் வந்து இறங்கிய சரக்கு

இது தொலைதூரத்துச் செய்தி அன்று. பள்ளுருத்தியிலிருந்து மட்டாஞ்சேரித் துறைமுகத் துறை சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. மிளகும் சுக்கும் ஏலமும் ஏற்றி இறக்கிய அத்துறையில், 2023ஆம் ஆண்டு மே மாதம் முற்றிலும் வேறான சரக்கு ஒன்று கரையேற்றப்பட்டது. இந்தியக் கடற்படையும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் சேர்ந்து அரபிக் கடலில் ஒரு கப்பலை மறித்துக் கைப்பற்றிய சுமார் 2,500 கிலோகிராம் மெத்தம்பெட்டமின் என்னும் இரசாயனப் பொருளே அச்சரக்கு.

இந்த எடையின் பொருளைச் சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் ஒரு வேளைக்குக் கிராமில் பத்தில் ஒரு பங்கைக் கொள்வதாக வைத்துக்கொண்டால், 2,500 கிலோகிராம் இரண்டரைக் கோடி வேளைக்கு வரும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரள மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று கோடியே முப்பத்துநான்கு இலட்சம். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிலைமையின் பெருக்கம் தெரியும்.

மலையாளப் பத்திரிகைகள் இப்பொருள்களை 'ராசலஹரி' என்று பொதுப்பெயரிட்டு அழைக்கின்றன. கள்ளையும் கஞ்சாவையும் அபினையும் போலச் செடிகொடிகளிலிருந்து நேரே கிடைக்காமல், சோதனைக் குழாயில் ஆக்கப்படுபவை இவை என்பது அப்பெயரின் கருத்து. தமிழில் இரசாயன லாகிரிப் பொருள்கள் எனலாம். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் அம்பெட்டமின் வகைப் பொருள்களைக் கொண்டவர்கள் 0.18 சதவீதத்தினர். கஞ்சா வகையைக் கொண்டவர்கள் 2.8 சதவீதம், அபின் வகையைக் கொண்டவர்கள் 2.1 சதவீதம். எண்ணிக்கையில் சிறிதாயினும், இவ்வகையின் அபாயத்தைக் குறித்துப் பொதுமக்களுக்குள்ள அறிவு மற்றவற்றைக் குறித்த அறிவினும் குறைவு. கள்ளின் மயக்கத்தை நம் முன்னோர் பலகாலம் பார்த்து அறிந்தவர்கள். இரசாயனப் பொருள்களைப் பற்றி நமக்கு அத்தகைய பழமறிவு இல்லை.

பிறப்பும் பெயரும்

களியாட்டக் கூட்டங்களோடு மிகுதியாகத் தொடர்புபடுத்தப்படும் பொருள் எம்.டி.எம்.ஏ. என்பது. மெத்திலீன்டைஆக்ஸி மெத்தம்பெட்டமின் என்பது அதன் விரிந்த பெயர். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்திலுள்ள மெர்க் கம்பெனியார், இரத்தப் பெருக்கை நிறுத்தும் ஒரு மருந்தைத் தயாரிக்க முயன்றபோது, இடைப்படு பொருளாக இதனை ஆக்கி 1912இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். காப்புரிமை 1914இல் கிடைத்தது. நெடுங்காலம் இது எவராலும் பெரிதும் கவனிக்கப்படாமல் இருந்தது. 1970களுக்குப் பின்னரே அமெரிக்காவில் பரவியது. 1985இல் அந்நாட்டிலும், 1986இல் சர்வதேச உடன்படிக்கையின் கீழும் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மெத்தம்பெட்டமின் இதனினும் மூத்தது. ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகயோஷி 1893இல் எபிட்ரின் என்னும் மருந்திலிருந்து அதனை ஆக்கினார். 1919இல் அகிரா ஒகாதா அதனைப் படிக உருவில் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் உறக்கத்தை விரட்டுவதற்காக ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இது போர்வீரர்களுக்கு வழங்கப்பட்டது. போர் முடிந்தபின் ஜப்பானில் அதன் பழக்கம் பொதுமக்களிடையே பரவிப் பெருந்தொல்லை விளைவித்தமையால், 1951இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

உடலில் நிகழ்வது

நம் மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்குச் செரடோனின், டோபமைன், நார்அட்ரினலின் முதலிய தூதுப்பொருள்கள் உள்ளன. இவை அணுக்களின் நுனியில் சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டு, வேண்டும்போது வேண்டிய அளவு வெளிப்பட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் உள்ளே இழுக்கப்படுகின்றன. எம்.டி.எம்.ஏ. இந்த இழுக்கும் வாயிலைத் திருப்பிவிடுகிறது. உள்ளே வரவேண்டிய பொருள் வெளியே கொட்டுகிறது. பல நாட்களுக்கென இருந்த சேமிப்பு ஓரிரவில் வெளியேறுகிறது. உண்டாகும் களிப்பும், அயலாரோடு தோன்றும் நெருக்க உணர்ச்சியும் இதன் விளைவே.

இதே பெருக்கம் இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, தோலிலுள்ள குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் இறுகுகின்றன. தாடை தானே கடித்துக்கொள்ளும். பசியும் களைப்பும் தாகமும் தெரிவதில்லை. களைப்பு என்பது உடல் நமக்குத் தரும் எச்சரிக்கை. அது கேட்காமற் போவதால், நிறுத்த வேண்டிய வேளையில் உழைப்பு நிற்பதில்லை. மெத்தம்பெட்டமின் இவற்றில் பலவற்றை இன்னும் நீண்ட நேரம் செய்கிறது. அதனை மிகுதியாகக் கொண்டவர்கள் நாட்கணக்கில் உறங்காது இருந்து, இல்லாத பகையைக் கண்டு அஞ்சிச் சித்தம் பிறழ்வதுமுண்டு.

அளவுக் கணக்கு பொய்க்கும் இடம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. ஆயின் இப்பொருளின் வகையில், அளவு மிஞ்சுவது எப்போது என்பதே நாம் எண்ணுகிற கணக்கின்படி அமைவதில்லை.

பெரும்பாலான மருந்துகளைக் கல்லீரலிலுள்ள நொதிகள் சிதைத்து வெளியேற்றுகின்றன. எம்.டி.எம்.ஏ.யைச் சிதைப்பதில் முதலிடம் பெறுவது சி.ஒய்.பி. 2டி6 என்னும் நொதி. வியப்பு யாதெனில், தன்னைச் சிதைக்க வரும் அந்நொதியையே இப்பொருள் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பள்ளுருத்தியிலிருந்து எறணாகுளம் செல்வோர் தோப்பும்படிப் பாலத்தைக் கடக்கின்றனர். பாலத்தைக் கடக்கும் வண்டி ஒவ்வொன்றும் பாலத்தின் பலகை ஒன்றைப் பெயர்த்துக்கொண்டே போகுமானால் என்னாகும்? முதலில் சென்ற வண்டிகள் போய்ச் சேரும். பின்வரும் வண்டிகள் அனைத்தும் இக்கரையிலேயே தேங்கும். இரண்டாவது மாத்திரையின் கதி இதுவே. அது உடலுக்குள் வரும்போது, வெளியேறும் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது.

இதனைச் சோதனை மூலம் மெய்ப்பித்தவர்களுள் பார்சிலோனா நகரத்து ரஃபாயெல் தெ லா தோரே குழுவினர் குறிப்பிடத் தக்கவர்கள். மருத்துவக் கண்காணிப்பில் இருந்த தொண்டர்களுக்கு 50 முதல் 150 மில்லிகிராம் வரை வெவ்வேறு அளவுகளில் இப்பொருளைக் கொடுத்து, இரத்தத்தில் அது நின்ற அளவை மணிக்கு மணி சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கொடுத்த அளவு மும்மடங்காயிற்று. உடலில் நின்ற அளவோ மும்மடங்கைப் பெரிதும் விஞ்சியது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்னும் கணக்கு இங்கே செல்லாது. செயலிழந்த நொதிக்கு மாற்றாகக் கல்லீரல் புதிய நொதியை ஆக்கி முடிக்கச் சில நாட்கள் செல்லும். ஆகவே முதல்நாள் இரவும் மறுநாள் இரவும் தொடர்ந்து கொள்பவருக்கு மறுநாள் ஆபத்து கூடுதலே. மேலும், இந்நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களும் உண்டு. அவர்கள் தம் குறையை முன்கூட்டி அறிய இயலாது. ஒரே பண்டத்தை ஒரே அளவில் கொண்ட நண்பர் இருவருள் ஒருவர் நலமாக இருக்க, மற்றவர் வீழ்வதற்கு இத்தகைய வேற்றுமைகளும் காரணமாகலாம்.

மிகுந்த அளவு எதிர்பாராது உட்செல்லும் வேறொரு வழியும் உண்டு. 2025 மார்ச் மாதம் கோழிக்கோடு மாவட்டம் தாமரச்சேரியில், காவலர் கையில் அகப்பட்ட இளைஞர் ஒருவர் தம்மிடமிருந்த பொட்டலங்களை விழுங்கிவிட்டார். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் மறுநாள் உயிரிழந்தார். விழுங்கியது எம்.டி.எம்.ஏ. என்று செய்திகள் கூறின. மெல்லிய பிளாஸ்டிக் உறை வயிற்றில் எந்நேரத்திலும் கிழியலாம். கிழிந்தால், பலருக்குரிய அளவு ஒருவரின் இரத்தத்தில் ஒருங்கே சேரும். விழுங்கியவர் அப்போது நலமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதன் காரணம் இதுவே.

வெப்பமும் நெரிசலும்

இப்பொருள்களால் நேரும் மரணங்களில் முதன்மையானது வெப்ப மிகுதியால் நேர்வது. 1992இல் லண்டன் நகரத்து மருத்துவர் ஜான் ஹென்றியும் அவருடன் பணியாற்றியவர்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஏழு மரணங்களை விவரித்தனர். கட்டுக்கடங்காத உடற்சூடு, வலிப்பு, இரத்தம் குழாய்களுக்குள்ளேயே உறைதல், தசைகள் சிதைதல், சிறுநீரகம் செயலிழத்தல் என்பனவே அவர்கள் கண்ட வரிசை.

இவ்வரிசையின் தொடர்பு எளிதில் விளங்கும். தசை இறுகி ஓயாது உழைப்பதால் சூடு பிறக்கிறது. தோலின் குழாய்கள் சுருங்கியிருப்பதால் அச்சூடு வெளியேறுவதில்லை. மூளையில் வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதியும் தடுமாறியிருக்கிறது. உடற்சூடு 41, 42 டிகிரி செண்டிகிரேட் வரை ஏறும்போது தசைநார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் இறங்குவது இதன் அடையாளம். கல்லீரலும் பழுதடையும்.

சுற்றுப்புறமும் இதில் பங்குகொள்கிறது. 1940இல் இங்கிலாந்தில் கன், கர்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். தனித்தனிக் கூண்டிலுள்ள சுண்டெலிகள் பொறுத்துக்கொள்ளும் அளவு அம்பெட்டமின், ஒரே கூண்டில் நெருக்கமாக அடைக்கப்பட்ட சுண்டெலிகளைக் கொன்றுவிடுகிறது. மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை, நெரிசல் மட்டுமே கூடியது. பின்னர் 1998இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மால்பெர்க், சைடன் ஆகியோர், எலிகள் இருந்த அறையின் வெப்பநிலையை 20 டிகிரி முதல் 30 டிகிரி வரை சிறிது சிறிதாக மாற்றி எம்.டி.எம்.ஏ.யைச் சோதித்தனர். குளிர்ந்த அறையில் எலிகளின் உடற்சூடு உயரவில்லை. வெப்பமான அறையில் அதே அளவு மருந்து உடற்சூட்டை உயர்த்தியதோடு, மூளையின் செரடோனின் நரம்புகளையும் கெடுத்தது.

இச்சோதனைகளின் பொருளைக் கொச்சியில் வாழும் நாம் எளிதில் உணரலாம். நம் கடற்கரையில் வெயில் தாழ்ந்த பின்னரும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். வியர்வை வழியுமேயன்றி உலராது. உலர்ந்தால்தான் வியர்வை உடலைக் குளிர்விக்கும். குளிர்நாட்டுக் கூட்டத்தில் ஒருவர் தப்பிய அளவு, நெருக்கமான அறையில், புழுக்கத்தில், விடியும் வரை ஆடுபவருக்குத் தப்பும் அளவாக இராது. அளவு என்பது மாத்திரைக்குள் மட்டும் இருப்பதன்று. காற்றிலும் கூட்டத்திலும் அது இருக்கிறது.

தண்ணீரும் நஞ்சாகும் நிலை

வெப்பத்துக்கு அஞ்சி மிகுதியாகத் தண்ணீர் குடிப்பதும் பாதுகாப்பன்று. 1995 நவம்பரில் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் பிறந்தநாள் விழாவில் ஒரு மாத்திரையை விழுங்கினாள். உடல் காய்ந்துவிடும் என்றஞ்சிக் குறுகிய நேரத்தில் சுமார் ஏழு லிட்டர் தண்ணீர் குடித்தாள். மூளை வீங்கி நினைவிழந்து மரணமடைந்தாள்.

காரணம் இது. எம்.டி.எம்.ஏ. மூளையிலிருந்து வாசோபிரஸ்ஸின் என்னும் சுரப்பை வெளிப்படுத்துகிறது. அச்சுரப்பு சிறுநீரகத்துக்குத் தண்ணீரை விடாதே என்று ஆணையிடுகிறது. குடித்த தண்ணீர் வெளியேறாமல் உடலிலேயே தங்குவதால் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போகிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிஈக்விவலன்ட் வரை சோடியம் இருப்பது இயல்பு. அது விரைவாகக் குறையும்போது தண்ணீர் மூளையின் அணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடம் இல்லை. இவ்விபத்து பெண்களுக்கு மிகுதியாக நேர்கிறது. தலைவலி, வாந்தி, குழறிய பேச்சு, வலிப்பு என்பன இதன் குறிகள். இக்குறிகளைக் கண்டு உடல் வறண்டுவிட்டது என்று எண்ணி மேலும் தண்ணீர் புகட்டுவது கேட்டைப் பெருக்கும்.

உள்ளே இருப்பது எது?

பெயரை நம்புவதும் ஆபத்தே. எம்.டி.எம்.ஏ. என்று விற்கப்படுவதில் மெத்தம்பெட்டமினோ, பி.எம்.எம்.ஏ. என்னும் பொருளோ, வேறொன்றோ இருக்கலாம். பி.எம்.எம்.ஏ. மெதுவாக வேலைசெய்வது, ஆயினும் கடுநஞ்சு. முதல் மாத்திரை பலன் தரவில்லையென்று இரண்டாவதையும் மூன்றாவதையும் விழுங்குபவருக்கு, சற்று நேரத்தில் அனைத்தும் ஒன்றுசேர்ந்து வேலைசெய்யத் தொடங்கும். 2015 ஜனவரியில் பிரிட்டனில் இத்தகைய மாத்திரைகளோடு தொடர்புற்று நால்வர் இறந்தனர். பொருள் உண்மையானதாகவே இருந்தாலும் அளவு நிலையில்லை. ஐரோப்பாவில் 2000களில் ஒரு மாத்திரையில் பெரும்பாலும் 50 முதல் 80 மில்லிகிராம் வரை இருந்தது. 2010களின் நடுவில் சராசரியே 125 மில்லிகிராமை எட்டியது. அதனினும் இருமடங்கு கொண்டவையும் பிடிபட்டன. நேற்றைய ஒரு மாத்திரையும் இன்றைய ஒரு மாத்திரையும் ஒன்றல்ல.

பெயர்ச்சீட்டு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்து நிகழ்ச்சியே சான்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள், எம்.டி.எம்.ஏ. குரங்குகளின் டோபமைன் நரம்புகளைக் கடுமையாகக் கெடுக்கிறது என்று 2002இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். மறு ஆண்டே அக்கட்டுரையை அவர்கள் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அக்குரங்குகளுக்கு அவர்கள் செலுத்தியது, சீட்டு மாறி ஒட்டப்பட்ட புட்டியிலிருந்த மெத்தம்பெட்டமின் என்பது பின்னரே தெரிந்தது. தராசும் சோதனைக் கருவிகளும் உடைய விஞ்ஞானிகளே இவ்வாறு ஏமாறுவராயின், இருட்டில் கை நீட்டி வாங்கும் இளைஞரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

வேறு மருந்துகளோடு கலப்பதும் அறியாமல் அளவைக் கூட்டும் வழியே. மனச்சோர்வுக்கான சில மருந்துகள், டிராமடால் என்னும் வலிநிவாரணி, இருமல் பானகங்களிலுள்ள டெக்ஸ்ட்ரோமெதார்பன், லினசோலிட் என்னும் கிருமிக்கொல்லி ஆகியவை செரடோனின் பெருக்கத்தை உண்டாக்குவன. எம்.டி.எம்.ஏ.யோடு இவை சேரும்போது நடுக்கம், தசை விறைப்பு, காய்ச்சல், குழப்பம் ஆகியவை விரைந்து முற்றலாம். மதுவோ, உடல் நீரை இழக்கச் செய்வதோடு, ஆபத்தை உணரும் அறிவையும் மங்கச் செய்கிறது.

'வைத்தியர்களே இதனைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துகிறார்களாமே' என்று சிலர் கேட்பதுண்டு. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், கடும் மன அதிர்ச்சிக்குப் பின் வரும் நோய்க்கு, அனுமதி பெற்ற மனநல வைத்தியர்கள் இதனை அளிக்க இசைவு உண்டு. அமெரிக்க மருந்து நிர்வாகமோ, சான்று போதாதென்று 2024 ஆகஸ்டில் அனுமதி மறுத்தது. இசைவு உள்ள இடத்திலும் நோயாளியின் இருதயம் முன்னதாகச் சோதிக்கப்படுகிறது, பொருள் தூயதாக நிறுக்கப்படுகிறது, வைத்தியர் அருகிலேயே இருக்கிறார். இம்மூன்றும் இல்லாத இடத்துக்கு அச்சான்று பொருந்தாது.

பின்வரும் நாட்கள்

சேமிப்பைச் செலவிட்ட மூளைக்கு அடுத்த சில நாட்கள் வறட்சிக் காலம். சோர்வு, எரிச்சல், உறக்கமின்மை, மனவாட்டம் ஆகியவை தோன்றும். ஏற்கெனவே மனச்சோர்வு உடையவருக்கு இது பேராபத்தாகலாம். நெடுநாள் மிகுதியாகக் கொண்டவர்களைச் சோதித்தபோது நினைவாற்றல் குன்றியிருந்ததையும், செரடோனின் நரம்புகளின் குறிகள் குறைந்திருந்ததையும் பல ஆராய்ச்சிகள் கண்டுள்ளன. நிறுத்தியபின் இக்குறைகளுள் பல ஓரளவு சீர்படுவதாகவும் சான்றுகள் உள்ளன. ஆகவே நிறுத்துவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எவரும் மனந்தளர வேண்டுவதில்லை.

அருகிலிருப்பவர் செய்யத் தக்கவை

அபின் வகை நஞ்சுக்கு நலாக்ஸோன் என்னும் மாற்று மருந்து உண்டு. எம்.டி.எம்.ஏ.க்கும் மெத்தம்பெட்டமினுக்கும் அத்தகைய மாற்று எதுவும் இல்லை. உடலைக் குளிர்வித்தல், வலிப்பையும் பதற்றத்தையும் அடக்கும் மருந்துகளைச் செலுத்துதல், இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காத்தல் என்பவையே சிகிச்சை. ஆகையால் காலமே மருந்து. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கில் வரும்.

உடல் கொதித்தல், குழப்பமான பேச்சு, தசை விறைப்பு, வலிப்பு, மார்வலி, மூர்ச்சை இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 அல்லது 112 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை அவரைக் கூட்டத்திலிருந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் தெளித்து விசிற வேண்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தடுமாறினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் புகட்டாதிருக்க வேண்டும். பாரசிட்டமால் இங்கே பயன்படாது, ஏனெனில் இது நோய்க்காய்ச்சல் அன்று. உறங்கினால் தெளிந்துவிடும் என்று தனியே விட்டுச் செல்வது பெருந்தவறு. அவர் கொண்டது எது, எப்போது, எவ்வளவு என்று தெரிந்தவற்றை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எஞ்சிய பொட்டலம் இருப்பின் அதையும் அவரிடம் ஒப்படைக்கலாம்.

இத்தகைய வேளையில் நண்பர்களின் காலைக் கட்டுவது அச்சம். தந்தையார் அறிவாரே, காவலர் வருவாரே என்ற தயக்கத்தில் கழியும் அரைமணி நேரமே உயிரைப் பறித்துவிடக்கூடும். வழக்கை எதிர்கொள்ள வழக்கறிஞர் உண்டு, வீட்டாரின் கோபம் காலத்தால் தணியும். இறந்தவரை மீட்க வழியில்லை.

சட்டமும் மீட்சியும்

1985ஆம் ஆண்டு போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி, எம்.டி.எம்.ஏ. அரை கிராம் வரை சிறு அளவு. 10 கிராமுக்கு மேற்பட்டால் வாணிப அளவாகக் கொள்ளப்பட்டு, பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை கடுங்காவலும், ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். பத்துக் கிராம் என்பது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைக்குச் சற்றே மிகுந்தது. நண்பர்களுக்காக வாங்கிவந்தேன் என்னும் சொல் நீதிமன்றத்தில் காப்பாற்றாது.

அதே சட்டம் மீள விரும்புவோருக்குக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையாகி, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்கான வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்க 64-ஏ பிரிவு இடம் தருகிறது. கேரளத்தில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை 2016 முதல் நடத்திவரும் 'விமுக்தி' இயக்கத்தின் 14405 என்னும் எண்ணிலும், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 14446 என்னும் எண்ணிலும் ஆலோசனை பெறலாம். பெற்றோர்களும் ஆசிரியர்களும் இவ்வெண்களை அறிந்திருத்தல் நன்று. மகன் உறக்கமின்றி இருக்கிறான், உடல் மெலிகிறான், பணம் காணாமற் போகிறது என்றால், அடிப்பதும் மறைப்பதும் வழியல்ல. அழைத்துப் பேசுவதும் அழைத்துச் செல்வதுமே வழி.

சுருங்கச் சொன்னால், இப்பொருள்களின் வகையில் பாதுகாப்பான அளவு என்று ஒருவர் தாமே வகுத்துக்கொள்ளும் எல்லைக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. உள்ளிருக்கும் பொருள் தெரியாது. அதன் எடை தெரியாது. கல்லீரலின் நொதி எவ்வளவு என்பது தெரியாது. அன்றிரவின் புழுக்கம் எவ்வளவு என்பதை எவரும் அளப்பதில்லை. அளவு தெரிந்து வைத்தியர் கொடுப்பதே மாத்திரை. அளவு தெரியாமல் கையில் வந்து விழுவதை நம் இளைஞர்கள் அப்பெயரால் அழைக்காதிருக்கக் கற்பார்களாக.